சாமான் அறைச் சாவி

என் வயதுக்காரர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். குழாயடியில் கேட்டதை வைத்துக்கொண்டு என்னைத் திருத்த வராதீர்கள். அந்த ரயிலில் உங்களில் யாரும் இல்லை. கன்னிவாடியிலிருந்து போனது மூன்றே பேர். அம்மா, மாமா, நான்.

நான் ஏழாவதோடு நின்றவள். செம்பட்டியில் மெஸ் நடத்துகிறேன். காலையில் பலகையில் இன்றைக்கு என்ன குழம்பு என்று எழுதுவேன். அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. முட்டி வலி வேறு, ரொம்ப நேரம் உட்கார முடியாது. இருந்தாலும் எழுதுகிறேன். முப்பது வருஷமாக ஒரு பக்கத்துப் பேச்சையே கேட்டாயிற்று.

அம்மா கல்யாண வீட்டுச் சமையலுக்குப் போகிறவள். அவளுடைய அண்ணன், என் மாமா, சமையல் மாஸ்டர். அம்மா காய் நறுக்குவாள், தேங்காய் துருவுவாள், அரிசி களைவாள். எத்தனை கல்யாணத்துக்குப் போயிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒன்றில்கூடத் தாலி கட்டுவதைப் பார்த்ததில்லை. அந்த நேரம்தான் சாம்பாரை இறக்க வேண்டியிருக்கும். கெட்டிமேளம் கேட்டதும் கையில் கரண்டியோடு செத்த நேரம் நிற்பாள். மேளம் நின்றதும் வேலையைப் பார்ப்பாள். அவள் பார்த்த கல்யாணம் அவ்வளவுதான்.

எனக்குப் பதினோரு வயது. திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்துச் சமையல்கட்டுக்கு சயின்ஸ் சார் ஒருவர் வந்தார். தீபாவளிக்கு மறுநாள் ராஜஸ்தான் பக்கம் சூரியன் முழுசாக மறையப் போகிறது, அதைப் பார்க்க முப்பது பேர் ரயிலில் போகிறோம், தனிப் பெட்டி பிடித்திருக்கிறோம், சமையலுக்கு ஆள் வேண்டும் என்று மாமாவிடம் சொன்னார். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சார் அம்மாவின் முன்னால் இருந்த கூடையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து, பல்புக்கு நேராகப் பிடித்தார். நிழல் அம்மாவின் முகத்தில் விழுந்தது. இவ்வளவுதான் கிரகணம், பாம்பும் இல்லை பல்லியும் இல்லை என்றார். மக்களுக்கு அதைக் காட்டுவதற்காக, கிரகண நேரத்தில் எல்லாரும் வெட்டவெளியில் உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம், போட்டோ எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறோம் என்றார்.

அம்மா கிழங்கைத் திரும்ப வாங்கித் தோலைச் சீவினாள். பிறகு கேட்டாள்.

"நான் வந்தா, எனக்கும் காட்டுவீகளா?"

"கட்டாயம்மா. நீங்க இல்லாமயா?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அம்மா வந்தாள். அப்பா வாழைத்தார் ஏற்றும் வேலைக்குப் போகிறவர். வேண்டாம் என்றார். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தார். அப்புறம் பாப்பாவையும் கூட்டிட்டுப் போ என்று என்னைச் சேர்த்துவிட்டார். அம்மா அப்போது ஆறு மாசம். மெலிந்த உடம்பு. இடுப்பில் கைத்துண்டைச் சுற்றிக்கொண்டால் தெரியாது. சாரிடம் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆள் பார்ப்பார் என்று அவளுக்குத் தெரியும்.

எங்கள் பெட்டியை ஒரு வண்டியில் மாட்டுவார்கள், கழற்றுவார்கள், இன்னொரு வண்டியில் மாட்டுவார்கள். ஓடும்போது அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. எங்கே கழற்றிப் போடுகிறார்களோ அங்கே தண்டவாளத்து ஓரம் மண்ணெண்ணெய் அடுப்பை இறக்கி, அடுத்த வண்டி வருவதற்குள் ஆக்கி முடிக்க வேண்டும். பெட்டியின் கடைக்கோடியில் ஒரு சின்ன அறை. அதில் அரிசி, பருப்பு, எண்ணெய் டின், பாத்திரம். அதற்கு வெளிப்பக்கம் கொண்டி. மாமா ஊரிலிருந்தே ஒரு பூட்டு கொண்டு வந்திருந்தார். உள்ளங்கை அகலம், நல்ல கனம். வடக்கே எல்லாவனும் திருடன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று மாமா அரைஞாணில். இன்னொன்றை அம்மா ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டாள். கை ஈரமாக இருக்கும்போது அவளுக்கு உப்போ புளியோ வேண்டுமென்றால் நான் ஓடிப்போய்த் திறந்து எடுத்து வர வேண்டும். பாவாடை சட்டைக்குள் அந்தச் சாவி காலையில் ஜில்லென்று இருக்கும், மதியம் சுடும்.

மூன்றாம் நாள் மணல் ஆரம்பித்தது. ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்தது. சோற்றில் நறநறத்தது. அம்மா அரிசியை ஏழு தண்ணீர் கழுவப் பார்த்தாள், தண்ணீரும் கிடையாது. ஒரு ஸ்டேஷனில் ஒட்டக வண்டியில் தண்ணீர் வந்தது. நான் ஒட்டகத்தைப் பார்த்தேன். அம்மா தண்ணீரைப் பார்த்தாள். வழியில் ஓரிடத்தில் கம்பு அறுத்துப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும்தான் அவள் முகம் தெளிந்தது. "இங்கயும் கம்புதான் திங்கிறாக" என்று மாமாவிடம் சொன்னாள். கோட்டை, அரண்மனை எல்லாம் மற்றவர்கள் போய்ப் பார்த்தார்கள். நாங்கள் பாத்திரம் கழுவினோம். அம்மா அதற்கு ஒன்றும் வருத்தப்படவில்லை. அவள் கேட்டு வந்தது அது இல்லை.

தீபாவளிக்கு முந்தின நாள், அந்த முப்பது பேரில் ஒருவரான பேங்க் ஆபீசர் சம்சாரம் கண்டுபிடித்துவிட்டார். அம்மா டின்னைத் தூக்கும்போது கைத்துண்டு நழுவியது. அந்த அம்மாள் டின்னின் மறுபக்கத்தைப் பிடித்தார். ராத்திரி தன் போர்வையைக் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் அம்மாவின் வீங்கின காலுக்கு எண்ணெய் தேய்த்தார். தீபாவளி எண்ணெய் அம்மாவுக்குக் காலில்தான். அந்த அம்மாளை நான் பல வருஷம் கெட்டவள் என்று நினைத்திருக்கிறேன். அவருக்கு நான்கு பிள்ளை தங்காமல் போனது என்று பிற்பாடுதான் தெரிந்தது. பயந்தவர். கெட்டவர் இல்லை. ஆனால் பயந்தவர்கள் செய்ததைக் கெட்டவர்கள் செய்திருந்தாலும் அம்மாவுக்கு ஒன்றுதான்.

அவர்தான் சாரிடம் போனார். வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கிரகணத்தில் வெளியே விடக் கூடாது, விட்டால் நான் சாப்பிட உட்கார மாட்டேன் என்றார். இன்னும் நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். பாம்பும் இல்லை பல்லியும் இல்லை என்று டிக்கெட் எடுத்து வந்தவர்கள்தான்.

தீபாவளியன்று பொழுது சாயும் நேரத்தில் சார் எங்கள் அடுப்படிக்கு வந்தார். மாமா எழுந்து நின்றார். அம்மா உட்கார்ந்தபடி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கிரகணத்தில் சாப்பிடப் புளிச்சோறு.

சார் சுற்றி வளைத்துப் பேசினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"எனக்குத் தெரியும்மா, ஒண்ணும் ஆகாது. ஆனா பிரசவத்துல ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னு வைங்க, ஊரே கிரகணம்னுதான் சொல்லும். எங்க வேலை பூராம் வீணாப் போயிரும். செத்த நேரம் உள்ள இருந்துக்கங்க."

அம்மா கையைப் புளித்தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

"சோறு நான் ஆக்குறது சார். அதக் கெரகணத்துல திங்கலாம். ஆக்குனவ மட்டும் வரக்கூடாதா?"

சார் மாமாவைப் பார்த்தார். மாமா அடுப்பைப் பார்த்தார்.

"நான் பாப்பேன்" என்றாள் அம்மா.

நாங்கள் அப்போது ஒரு சின்ன ஸ்டேஷனில் இருந்தோம். பெட்டியை ஓரத் தண்டவாளத்தில் விட்டிருந்தார்கள். பக்கத்தில் கம்பு அறுத்த காடு. கருக்கலில் எழுந்து அம்மா சமைத்தாள். நல்ல குளிர். புளிச்சோறும் உருளைக்கிழங்கு வெஞ்சனமும். சூரியன் வந்தது. எல்லாரும் காட்டில் சமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு அட்டைக் கண்ணாடி. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். சார் கழுத்தில் விசில். முழுசாக மறைந்ததும் ஒரு விசில் ஊதுவேன், கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கலாம், மறுபடி ஊதினால் உடனே போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவைத்தார்.

அம்மா கழுவின பாத்திரத்தை வைக்கச் சாமான் அறைக்குப் போனாள். பேங்க் ஆபீசர் சம்சாரம் பின்னாலேயே போய் ஒரு தலையணையும் செம்புத் தண்ணீரும் உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்தார். அந்த அறையின் ஜன்னல் ஷட்டரை ராத்திரியே இறக்கி அடைத்திருந்தார்கள். மாமா கதவைச் சாத்தினார். பூட்டினார்.

அம்மா ஒரு தடவைதான் தட்டினாள்.

"அண்ணே. தொற."

மாமா நின்றார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். அம்மாவோட நல்லதுக்குத்தான் என்றார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார்.

அம்மா அழைக்கவில்லை. கத்தவில்லை. என் பெயரையும் சொல்லவில்லை.

திண்டுக்கல் பூட்டென்றால் நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. பூட்டியாயிற்று என்றால் முடிந்தது. பேங்க் பெட்டகத்துக்கே போடுகிற பூட்டு என்பார் மாமா. அந்த நம்பிக்கையில் அவர் ஒன்றை மறந்தார். அது அவர் அரைஞாணில் இருந்த சாவிக்கு மட்டும் திறக்கிற பூட்டு இல்லை.

காட்டில் உட்கார்ந்தேன். சூரியனில் ஒரு ஓரம் கடித்த மாதிரி ஆனது. எல்லாரும் கைதட்டினார்கள். இலையில் புளிச்சோறு வைத்தார்கள். சார் முதல் கவளம் எடுத்தார், போட்டோ எடுத்தார்கள். நல்லா இருக்கு மாஸ்டர் என்றார் ஒருவர். மாமா தலையாட்டினார். எனக்கும் ஒரு இலை வைத்தார்கள். ஒரு வாய் வைத்தேன். அம்மா கைப் புளி. இலையை மூடிவிட்டேன்.

வெயில் வெயிலாக இல்லை. தகரத்தில் பட்ட வெளிச்சம் மாதிரி ஆனது. என் நிழல் கத்தியால் வெட்டின மாதிரி விழுந்தது. தூரத்தில் ஊருக்குள் யாரோ தட்டை அடித்தார்கள். குளிர்ந்த காற்று வந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை. எழுந்தேன். ஓடினேன். கம்புத் தாள் காலில் குத்தியது. செருப்பு ஒன்று கழன்றது, விட்டுவிட்டேன்.

பெட்டிப் படி உயரம். தாவி ஏறினேன். பூட்டுக்குள் மணல். சாவி பாதி போய் நின்றது. எடுத்து வாயால் ஊதினேன். மறுபடி போட்டேன். நின்றது. அம்மாவுக்குச் சத்தம் கேட்டிருக்கும். உள்ளேயிருந்து மெதுவாகச் சொன்னாள்.

"பதறாத. கொஞ்சம் வெளிய இழுத்துத் திருப்பு."

இழுத்துத் திருப்பினேன். திறந்தது. அந்த நேரம் சரியாக விசில்.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கி ஜல்லிக்கல்லில் நின்றாள். இருட்டி விட்டது. பொழுது விடிந்து கொஞ்ச நேரம்தான், நட்சத்திரம் தெரிந்தது. நான் பயந்துபோய் அவள் சேலையில் முகத்தை வைத்தேன். அவள் என் தாடையைப் பிடித்து மேலே தூக்கினாள்.

"பாரு. இதுக்குத்தான் வந்தோம்."

பார்த்தேன். அடுப்பில் ஏற்றின கரிச்சட்டியைக் கீழேயிருந்து பார்த்த மாதிரி இருந்தது. நடுவில் கன்னங்கரேல் என்று சட்டி. சுற்றிலும் வெள்ளைத் தீ. அந்தத் தீ அசையவே இல்லை. அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. சட்டியின் ஓரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் தெறித்தது. இரண்டாவது விசில். என் கண்ணாடியை அம்மாவிடம் நீட்டினேன். அவள் அதை என் கண்ணில் மாட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். அண்டாவில் ஒட்டியிருந்த புளிச்சோற்றை ஒரு கை வழித்துச் சாப்பிட்டாள். பசியோடு சாப்பிட்டாள்.

அப்படித்தான் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பேங்க் ஆபீசர் சம்சாரம் அழுதார். சார் விசிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எப்படி வெளியே வந்தாய் என்று யாரோ கேட்டார்கள்.

"தொறந்துட்டு வந்தேன்" என்றாள் அம்மா.

வெளியே பூட்டின கதவை உள்ளே இருக்கிறவள் எப்படித் திறப்பாள் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. அவ்வளவு படித்தவர்கள். மாமா மட்டும் என் கழுத்தைப் பார்த்தார். கிட்டே வந்து, வெளியே தொங்கின கயிற்றைச் சட்டைக்குள் தள்ளிவிட்டார். அதை அவர் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காக மாமாவை நான் மன்னித்தேன். பூட்டு ஜல்லிக்குள் எங்கேயோ விழுந்துவிட்டது. தேட நேரமில்லை, வண்டி வந்துவிட்டது. திரும்பி வரும்போது சாமான் அறைக்குப் பூட்டு இல்லை. ஒரு கடுகுகூடக் களவு போகவில்லை.

மார்கழிக் கடைசியில் தங்கச்சி பிறந்தாள். மேலுதடு பிளந்திருந்தது.

இங்கேயிருந்துதான் உங்களுக்குக் கதை தெரியும். தெருவே வந்து பார்த்தது. அப்பாவின் அக்கா வாசலிலேயே நின்று, கதவை உடைத்துக்கொண்டு ஓடினவள்தானே என்றாள். சாரின் காதுக்கும் எட்டியிருக்கும். வரவில்லை. பிள்ளையால் பால் உறிஞ்ச முடியவில்லை. அம்மா பீய்ச்சி எடுத்துச் சங்கில் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒரு வாய்ப் பாலுக்கு அரை மணி நேரம். பாதி மூக்கு வழியாக வரும். துடைத்துவிட்டு மறுபடி ஊற்றுவாள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொன்னாள். "ஆமா. தொறந்தேன். பாத்தேன்."

எனக்குத் தூக்கம் போனது. திறந்தது நான். ஒருநாள் சாவியைக் கிணற்றில் போடப் போனேன். அம்மா பின்னால் வந்திருக்கிறாள். சாவியை வாங்கி மறுபடி என் கழுத்தில் போட்டாள். அன்றைக்குத்தான் கேட்டேன், பூட்டினபோது ஏன் என்னைக் கூப்பிடவில்லை, சாவி என்னிடம் இருப்பது தெரியும்தானே என்று.

"கூப்புட்டா, நாளப்பின்ன உன்னையத்தான் சொல்லுவாக."

அவள் அப்போதே எல்லாவற்றையும் யோசித்திருக்கிறாள், அந்த இருட்டறையில் உட்கார்ந்துகொண்டு.

உதட்டைத் தைக்க மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு நர்ஸம்மா, கிரகணம் எத்தனையாம் மாசத்தில் என்று கேட்டார். ஆறு என்றாள் அம்மா. உதடு கூடுவது இரண்டாம் மாசத்தில், நீ ரயில் ஏறும்போதே பிள்ளைக்கு இப்படித்தான், போம்மா என்றார். நான் அங்கேயே அழுதேன். அம்மா அழவில்லை. பஸ்ஸில் வரும்போது, இதை ஊரில் சொல்லிவிடலாம்மா என்றேன்.

"சொன்னா, ரெண்டாம் மாசம் என்னடி செஞ்சேன்னு கேப்பாளுக" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வத்தலக்குண்டு தாண்டினதும் சொன்னாள். "கெரகணம்னே இருக்கட்டும். நான் பாத்தது பாத்ததுதான்."

அவள் சொல்லவில்லை. நான் இப்போது சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. இது உங்களுக்குத் தெரியாது. சில வருஷம் முன்னால் மார்கழியில் கிரகணம் நம் ஊருக்கே வந்ததே, வளையமாக. அன்றைக்கு ரோட்டில் ஈ காக்கை இல்லை. கடையெல்லாம் அடைத்துக் கிடந்தது. நான் மெஸ்ஸைத் திறந்தேன். தங்கச்சி ஒட்டன்சத்திரத்திலிருந்து தலைப்பிரசவத்துக்கு, மெஸ்ஸை ஒட்டின எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏழு மாசம். காலையிலேயே அவள் மாமியார் போன் செய்தார்.

"ஏனுங்க, முடியற வரைக்கும் அவளை ரூம்ல வெச்சுப் பூட்டிருங்க. பொறக்கற கொழந்தைக்கும் அவளாட்டவே ஆயிருச்சுன்னா என்னங்க பண்றது?"

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்தேன். தங்கச்சி உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நான் போய் அந்தக் கதவை மெதுவாகச் சாத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் கை தாழ்ப்பாளுக்குப் போனது. அந்த நர்ஸம்மா சொன்னது தெரியும். கழுத்தில் அதே சாவி. இருந்தும் போனது. சாரும் மாமாவும் அன்றைக்கு எப்படி நின்றார்கள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாழ்ப்பாளைப் போடுவது ரொம்பச் சுலபம்.

உள்ளேயிருந்து தங்கச்சி தட்டவில்லை. "அக்கா?" என்றாள், ஒரே ஒரு தடவை.

வெளியே அம்மா பிளாஸ்டிக் நாற்காலியை நடுத்தெருவில் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆனவள். அட்டைக் கண்ணாடியை மடியில் வைத்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"ஏத்தா, அவளக் கூட்டிட்டு வா. இது நமக்காக நிக்காது."

கதவைத் திறந்தேன். மூன்று பேரும் நடுத்தெருவில் நின்றோம். எதிர்வீட்டு ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்து மூடியது. வளையம் வந்தது. தங்கச்சி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள், தைத்த உதட்டோடு. அம்மாவும் கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள்.

"அங்க சட்டி இருந்துச்சு. இங்க சட்டிய எறக்கிட்டாக, அடுப்பு மட்டும் எரியுது" என்றாள். பிறகு டீ கேட்டாள். போட்டுக் கொடுத்தேன். வளையம் இருக்கும்போதே குடித்தாள்.

தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தது. உதடு எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். இவ்வளவு படித்த பிறகும் அதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். சொல்ல மாட்டேன். லீவுக்கு என் மெஸ்ஸுக்கு வரும். பந்தியில் எல்லாருக்கும் தண்ணீர் வைக்கும். வந்து சாப்பிடுங்கள். பார்த்தால் முதலில் பெயரைக் கேளுங்கள்.